இதற்கும் ஓர் ஆய்வா? ஊரறிந்ததை உறுதிசெய்யும் உளவியல் ஆய்வுகள் எதற்கு

வெயில் ஏறினால் கோபமும் ஏறுகிறது. கடன் கவலை உள்ளவருக்கு வேலையில் மனம் நிற்பதில்லை. பலரோடு சேர்ந்து இழுப்பவர் தனியாக இழுப்பவரைவிடக் குறைந்த பலத்தையே செலுத்துகிறார். இப்படி ஏதாவது ஒன்றை உளவியல் ஆய்வு கண்டறிந்திருப்பதாக நாளிதழில் நாலு வரிச் செய்தி வந்தால், மதுரையின் எந்தத் தேநீர்க் கடையிலும் எழும் முதல் பேச்சு ஒன்றுதான்: "இது எங்க அப்பத்தாவுக்கே தெரியுமே, இதுக்குப் போயி ஒரு ஆராய்ச்சியா?"

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆய்வுகளுக்குச் செலவாவது பெரும்பாலும் பொதுப் பணம். தெரிந்ததையே தெரிந்துகொள்ள அதைச் செலவிடுவானேன் என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரு முடிவு தெரிந்ததா, தெரியாததா என்று நாம் தீர்ப்பளிப்பது அந்த முடிவைக் கேட்ட பிறகு. கேட்பதற்கு முன் நம்மிடம் ஊகத்தை எழுதி வாங்கியிருந்தால், நம்மில் எத்தனை பேர் அதையே எழுதியிருப்போம்? இதையே உளவியல் அறிஞர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதன் விடை, மேற்சொன்ன தேநீர்க் கடைக் கேள்வியைப் புதிய வெளிச்சத்தில் காட்டுகிறது.

முதலில் அடிப்படை: ஆய்வு எதை அளக்கிறது

வெயிலையும் கோபத்தையும் எடுத்துக்கொள்வோம். அக்னி நட்சத்திர நாளொன்றில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கோரிப்பாளையத்தில் சிக்னலுக்காக நின்றவருக்கு, பச்சை விழுந்த மறுகணம் பின்னாலிருந்து வரும் ஹாரன் ஒலியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பாலைவனத்துக்கு நடுவே உள்ள ஃபீனிக்ஸ் நகரில் டக்ளஸ் கென்ரிக், ஸ்டீவன் மேக்ஃபார்லேன் என்ற இருவர் இதையே சோதித்து 1986இல் வெளியிட்டார்கள். ஒற்றைத் தடம் மட்டுமே உள்ள சந்திப்பில் ஆய்வுக் குழுவின் கார் ஒன்று பச்சை விளக்கு விழுந்த பிறகும் நகராமல் நிற்கும். பின்னால் மாட்டிக்கொண்ட ஓட்டுநர் எவ்வளவு விரைவில், எத்தனை முறை ஹாரன் அடிக்கிறார் என்று குறித்துக்கொள்வார்கள். வெப்பநிலை ஏற ஏற ஹாரனும் சீராகக் கூடியது.

இதோடு நிறுத்தியிருந்தால் அப்பத்தாவுக்குத் தெரிந்ததையே அவர்களும் சொன்னதாக ஆகியிருக்கும். அவர்கள் இன்னொன்றையும் குறித்தார்கள்: அந்த ஓட்டுநரின் கார்க் கண்ணாடிகள் ஏற்றியிருந்தனவா, இறக்கியிருந்தனவா? கண்ணாடியை இறக்கியிருந்தால் ஏசி இல்லை என்று கொள்ளலாம். வெப்பத்துக்கும் ஹாரனுக்கும் உள்ள தொடர்பு கண்ணாடி இறக்கியவர்களிடம்தான் மிகத் தெளிவாக இருந்தது. ஏசி கார் வைத்திருப்பவர் இயல்பிலேயே பொறுமைசாலியாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அப்படியானால் இரு சாராருக்கும் உள்ள வேறுபாடு எல்லா நாளும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். வெயிலோடு சேர்ந்து விரிந்திருக்கக் கூடாது. வெயில் நாளில் சாலையில் நெரிசல் கூடுவதால் வந்த எரிச்சல் என்றாலும், அது இரு சாராரையும் ஒன்றுபோலத்தான் தாக்கியிருக்கும். இப்படி ஒவ்வொரு மாற்று விளக்கமாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் ஆய்வின் வேலை. இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் நான்கு சொற்களை இந்த எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்கிவிடலாம்.

1. கருதுகோள்: சோதிப்பதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லப்படும் ஊகம். "வெப்பம் கூடினால் ஹாரன் கூடும்" என்பது இங்கே கருதுகோள்.

2. ஒப்பீட்டுக் குழு: மற்ற எல்லா வகையிலும் ஒத்திருந்து, ஆராயப்படும் காரணம் மட்டும் இல்லாத குழு. ஃபீனிக்ஸில் கண்ணாடி ஏற்றியவர்கள் ஏறக்குறைய இந்த இடத்தில் நின்றார்கள்.

3. விளைவின் அளவு: விளைவு உண்டா என்பதோடு, எவ்வளவு என்ற கேள்விக்கான விடை.

4. மறுசோதனை: வேறு ஆட்களைக் கொண்டு, முடிந்தால் வேறு ஊரில், அதே சோதனையை மறுபடி நடத்திப் பார்ப்பது.

அனுபவத்தால் வரும் பொதுஅறிவு முதல் சொல்லை மட்டும் தருகிறது. மற்ற மூன்றையும் அதனால் தர இயலாது.

"நான் அப்பவே சொன்னேன்ல"

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை விலையைப் பற்றி ஒரு வியாபாரியிடம் முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை கேட்டுப் பார்க்க வேண்டும். நாளைக்கு முகூர்த்தம், அதனால் ஏறலாம். ஆனால் வெயில் நன்றாக அடித்திருக்கிறது, வரத்து கூடுதலாக இருக்கும், அதனால் இறங்கவும் செய்யலாம் என்று இரண்டு பக்கமும் காரணம் சொல்வார். அவர் மழுப்பவில்லை, விலை அப்படித்தான் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. மறுநாள் விடியலில் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் ஏறிவிட்டால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். இறங்கியிருந்தாலும் அதையே சொல்வார். இரண்டு தடவையும் அவர் பொய் சொல்லவில்லை. தான் முந்தைய மாலை என்ன நினைத்தோம் என்பதே அவர் நினைவில் மாறிப்போயிருக்கிறது.

இந்த மாற்றத்தைப் 'பின்னறிவுச் சாய்வு' என்று சொல்லலாம். முடிவு தெரிந்த பிறகு, அந்த முடிவு முன்னரே ஊகிக்கக்கூடியதாக இருந்தது என்று தோன்றுவதே அது. இதை முறையாக ஆராய்ந்தவர் பாரூக் ஃபிஷாஃப். 1975இல் வெளியான அவரது ஆய்வில், 1814இல் பிரிட்டிஷ் படைக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் மூண்ட போரைப் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். போர் நான்கு வகைகளில் முடிந்திருக்கலாம்: பிரிட்டிஷ் வெற்றி, கூர்க்கா வெற்றி, உடன்படிக்கையோடு கூடிய இழுபறி, உடன்படிக்கை இல்லாத இழுபறி. சிலருக்கு முடிவு சொல்லப்படவில்லை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு முடிவு, அதுதான் உண்மையில் நடந்தது என்று சொல்லப்பட்டது. பிறகு, ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கேட்டார்கள். எந்த முடிவைக் கேள்விப்பட்டார்களோ அதற்கே கூடுதல் வாய்ப்பு இருந்ததாக மாணவர்கள் மதிப்பிட்டார்கள். முடிவு தெரியாதவர்போல் நினைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டபோதும் அவர்களால் தெரிந்ததைத் தெரியாததாக்க முடியவில்லை.

அதே ஆண்டில் ரூத் பெய்த் என்பவரோடு சேர்ந்து அவர் இன்னொரு வழியிலும் இதைக் காட்டினார். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்கலாம் என்று மாணவர்களிடம் ஊகம் கேட்டு வாங்கி வைத்தார்கள். பயணம் முடிந்த பிறகு, "அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டபோது, நடந்துவிட்டவற்றுக்குத் தாங்கள் அதிக வாய்ப்பு கொடுத்திருந்ததாகவே பெரும்பாலோர் நினைவுகூர்ந்தார்கள். எழுதிக் கொடுத்தது ஒன்று, நினைவில் நின்றது வேறொன்று.

சமூகவியல் அறிஞர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் இதை 1949ஆம் ஆண்டிலேயே வேறு முறையில் உணர்த்தியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்வை மதிப்பிட்டு எழுதிய கட்டுரையில், முதலில் சில முடிவுகளை அடுக்கினார். படித்த வீரர்களுக்குப் படிக்காதவர்களைவிட மனக்கலக்கம் அதிகம். நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர்கள் நகரத்தாரைவிடப் படைவாழ்வில் உற்சாகமாக இருந்தார்கள். வெப்பமான தென்மாநில வீரர்கள் பசிபிக் தீவுகளின் வெக்கையை வடமாநிலத்தாரைவிட நன்றாகத் தாங்கினார்கள். படிப்பவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். பட்டினத்துப் பிள்ளைகள் கஷ்டம் தெரியாமல் வளர்ந்தவர்கள்தானே, வெயிலில் வளர்ந்தவனுக்கு வெயில் என்ன செய்யும் என்று காரணமும் உடனே கிடைக்கும். அதன் பிறகே லாசர்ஸ்ஃபெல்ட் சொல்கிறார்: இவை ஒவ்வொன்றும் ஆய்வில் கண்டதற்கு நேர் எதிரானவை. படிக்காதவர்களிடமே மனக்கலக்கம் கூடுதலாக இருந்தது. தென்மாநிலத்தார் வெக்கையை வடக்கத்தியரைவிட நன்றாகத் தாங்கவில்லை. உண்மையான முடிவுகளை முதலில் சொல்லியிருந்தாலும் அவற்றையும் "தெரிந்ததுதானே" என்றே நாம் ஏற்றிருப்போம். எதிரும் புதிருமான இரண்டு முடிவுகளும் தெரிந்ததாகத் தோன்றினால், தெரியும் என்ற உணர்வை அளவுகோலாக வைக்க முடியாது.

பழமொழிகளும் தேர் வடமும்

பொதுஅறிவின் பெருங்களஞ்சியம் பழமொழிகள். அவற்றில் உண்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த நிலையில் எந்தப் பழமொழி பொருந்தும் என்பதை அவை சொல்வதில்லை. "தனி மரம் தோப்பாகாது" என்கிறோம். "தன் கையே தனக்குதவி" என்றும் சொல்கிறோம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது" என்றவர்களே "சித்திரமும் கைப்பழக்கம்" என்கிறார்கள். "ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்ற ஊரில்தான் "பல பேர் சேர்ந்து அடித்தால் பாம்பு சாகாது" என்பதும் வழங்குகிறது. கூட்டம் சேர்ந்தால் பலம் கூடுமா, குறையுமா?

இந்தக் கேள்விக்கு உண்மையிலேயே ஒரு வடத்தைக் கொண்டு விடை தேடியவர் ஒருவர் உண்டு. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1880களில் ஆட்களை வடம் இழுக்கச் செய்து, இழுவிசையை அளந்தார். முடிவுகள் 1913இல் வெளியாயின. தனியாக இழுக்கும்போது ஒருவர் செலுத்தும் விசையை 100 என்று கொண்டால், இருவர் சேர்ந்து இழுக்கையில் ஆளுக்கு 93 ஆனது. மூவர் என்றால் 85. எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 49தான். மொத்த விசை கூடத்தான் செய்தது. தலைக்கு வரும் பங்கு குறைந்துகொண்டே போனது.

இங்கேதான் பொதுஅறிவு நின்றுவிடுகிறது, ஆய்வு தொடர்கிறது. குறைந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளின் திருப்பங்களில் தேரைத் திருப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு முதல் காரணம் கண்ணில் படும். வடத்தைப் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை. முன்னால் நிற்பவர் இழுக்கும்போது பின்னால் நிற்பவர் கால் ஊன்றிக்கொண்டிருப்பார். வடம் ஓரிடத்தில் தொய்ந்து ஓரிடத்தில் விறைக்கும். இது ஒருங்கிணைப்பில் ஏற்படும் இழப்பு. மனிதருடைய மனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டாவது காரணம் மனம் சார்ந்தது: இத்தனை பேர் இழுக்கிறார்களே, என் ஒருவன் கை தளர்ந்தால் என்ன என்ற எண்ணம், எண்ணமாகக்கூடத் தோன்றாமல் உடம்பிலேயே புகுந்துகொள்வது.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? 1974இல் ஆலன் இங்கம் என்பவரும் அவருடைய குழுவினரும் இதற்கு வழி கண்டார்கள். இழுப்பவரின் கண்ணைக் கட்டி, வரிசையில் முதல் ஆளாக நிறுத்தி, பின்னால் மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் இழுக்கவே இல்லை. வடத்தை இழுத்தவர் ஒருவர் மட்டுமே என்பதால் ஒருங்கிணைப்பில் குறை வர வழியே இல்லை. அப்போதும் அவர் செலுத்திய விசை குறைந்தது. ஆக, மனம் சார்ந்த தளர்வு தனியாகவே இருக்கிறது என்பது நிலைநாட்டப்பட்டது.

இதைக் கொண்டு தேர் இழுக்கும் பக்தர்கள் சோம்புகிறார்கள் என்று முடிவுகட்டுவது பிழையாகும். ஸ்டீவன் கராவ், கிப்ளிங் வில்லியம்ஸ் ஆகியோர் 78 ஆய்வுகளைத் தொகுத்து 1993இல் வெளியிட்ட மதிப்பீடு, வேலை தனக்கு முக்கியமானது என்று ஒருவர் கருதும்போதும், தான் மதிக்கும் குழுவோடு சேர்ந்து செய்யும்போதும் இந்தத் தளர்வு குறைகிறது என்று காட்டியது. கீழை நாட்டுப் பண்பாடுகளைச் சேர்ந்தவர்களிடமும் பெண்களிடமும் அது குறைவாகவே காணப்பட்டது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது எட்டு அந்நியர்களை ஓர் ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி வடத்தைக் கையில் கொடுப்பது போன்றதன்று. இரண்டு பழமொழிகளும் உண்மை. எது எப்போது உண்மை என்பதற்கான விடைதான் அளவீட்டின் வழியே கிடைத்தது.

தமிழ்நாட்டில் நடந்த மூன்று ஆய்வுகள்

அயல்நாட்டு மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் நமக்கு எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் சரியானதே. ஆனால் இந்தக் கேள்வியைத் தெளிவுபடுத்தும் மூன்று முக்கியமான ஆய்வுகள் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றன. மூன்றிலும் "இது தெரிந்ததுதானே" என்ற ஊகம் ஒன்று இருந்தது. மூன்றுக்கும் கிடைத்த விடை வெவ்வேறு.

முதலாவது மதுரைப் பகுதியில் நடந்தது. டான் ஏரியலி, யூரி க்னீஸி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், நீனா மசார் ஆகியோர் 2009இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 87 பேர் ஆறு விளையாட்டுகளை ஆடினார்கள். உலோகத் துண்டுகளைச் சட்டத்துக்குள் அடுக்குவது, வரிசையாக ஒளிரும் விளக்குகளை நினைவில் வைத்து அதே வரிசையில் அழுத்துவது, இலக்கை நோக்கிப் பந்து எறிவது என்று, கவனமும் நினைவாற்றலும் கைப்பதமும் தேவைப்படும் விளையாட்டுகள் அவை. மிக நன்றாக ஆடினால் ஒரு விளையாட்டுக்குக் கிடைக்கும் பரிசு ஒரு பகுதியினருக்கு 4 ரூபாய், இன்னொரு பகுதியினருக்கு 40, மூன்றாவது பகுதியினருக்கு 400. ஆறிலும் சிறப்பாக ஆடினால் 2,400 ரூபாய்; அன்றைய கிராமப்புறத்தில் ஓர் ஆளின் ஏறக்குறைய அரை ஆண்டுச் செலவை நெருங்கும் தொகை. பணம் பத்தும் செய்யும் என்பது உலக வழக்கு. ஊக்கத்தொகை கூடினால் உழைப்பும் கூடும் என்பது பொருளியலின் அடிப்படை ஊகம். முடிவு வேறாக இருந்தது. 4 ரூபாய்க்காரர்களுக்கும் 40 ரூபாய்க்காரர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 400 ரூபாய்க்கு ஆடியவர்களே மிக மோசமாக ஆடினார்கள். தொகையின் பெருமை மனத்தை அழுத்தியது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இந்த நால்வரில் ஏரியலி, மசார் ஆகிய இருவரும் பங்கேற்று 2012இல் வெளியான வேறொரு கட்டுரையில், ஒரு சோதனைக்கான காப்பீட்டுத் தரவுகள் போலியானவை என்று பிறர் கண்டறிந்ததால் அந்தக் கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. அதனாலேயே மதுரை ஆய்வும் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் 87 பேரைக் கொண்ட ஓர் ஆய்வை, அது நம் ஊரைப் பற்றியது என்பதற்காக மட்டும் வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது.

இரண்டாவது, விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் அதை 2013இல் வெளியிட்டார்கள். கரும்பு விவசாயியின் பணநிலை எப்படிப்பட்டது என்பது அலங்காநல்லூர்ப் பக்கத்தாருக்கு நன்றாகத் தெரியும்: வெட்டி ஆலைக்கு அனுப்பிப் பணம் கைக்கு வரும்வரை நகை அடகுக் கடையில்தான் இருக்கும். ஆய்வில் கலந்துகொண்டவர்களில் வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 விழுக்காட்டினர் மட்டுமே. அதே விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் சிந்தனைத்திறனையும் கவனத்தையும் சோதிக்கும் தேர்வுகளை வைத்தபோது, பின்னர் எழுதியவற்றில் தெளிவாகக் கூடுதலான திறனைக் காட்டினார்கள்.

கடன்காரன் மூளை ஓடாது என்பது தெரிந்ததுதானே என்றால், ஆம். ஆனால் அந்த வாக்கியத்துக்கு நேர் எதிர்த்திசையில் இன்னொரு நம்பிக்கையும் சமூகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது: மூளை ஓடாததால்தான் அவன் கடன்காரனாக இருக்கிறான் என்பது. ஏழைகளையும் பணக்காரர்களையும் ஒப்பிட்டால் இந்த இரண்டில் எது காரணம், எது விளைவு என்று பிரிக்கவே முடியாது. இங்கே ஒரே மனிதரை, சில மாத இடைவெளியில், அவரோடு மட்டுமே ஒப்பிட்டார்கள். இரண்டாம் முறை தேர்வு எழுதும் பழக்கத்தால் மதிப்பெண் கூடியிருக்கலாமே என்பதைச் சரிபார்க்க, 100 விவசாயிகளுக்கு வெட்டுக்குப் பின் மட்டுமே தேர்வு வைத்தார்கள். பருவம் மாறியதால் வந்த மாற்றமா என்ற கேள்விக்கும் விடை இருந்தது: ஆலைகளின் அரைவைத் திறனுக்கு ஏற்ப வெட்டு மாதக்கணக்கில் முன்பின்னாக நடப்பதால், ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்து வயலுக்காரர் காத்திருப்பார். தெரிந்ததை உறுதிசெய்த ஆய்வு என்று இதைக் குறைத்துச் சொல்பவர்கள், எந்தத் திசையைத் தாங்கள் 'தெரிந்தது' என்கிறோம் என்பதைச் சொல்லவேண்டும். இது எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் குறைந்த வருவாய்க் குடும்பங்களைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், சிந்தனைத்திறனில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. சம்பளச் சுழற்சியும் ஓர் ஆண்டுக் கரும்பும் ஒன்றல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது சென்னையில் நடந்தது. நன்றாகத் தூங்கினால் நன்றாக வேலை செய்யலாம் என்பதைவிடத் தெரிந்த செய்தி ஏதேனும் உண்டா? 2021இல் வெளியான இந்த ஆய்வில், குறைந்த வருவாயுள்ள 452 பேருக்குக் கணினியில் தகவல் பதியும் வேலை தரப்பட்டது. படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தாலும் இவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். இரைச்சல், புழுக்கம், கொசு என்று காரணங்கள் நாம் அறிந்தவையே. மின்விசிறி, மெத்தை, காதடைப்பான், ஊக்கத்தொகை முதலியவற்றால் இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்ட முடிந்தது. வல்லுநர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது, வேலைத்திறன் பெரிதும் உயரும் என்றே ஊகித்திருந்தார்கள். உயரவில்லை. வேலைத்திறன், சிந்தனைத்திறன், மனநிறைவு எதிலும் அளக்கத்தக்க மாற்றம் இல்லை. மாறாக, வேலையிடத்தில் பகலில் அரை மணி நேரம் கண்ணயர்ந்தவர்களுக்கு வேலைத்திறனும் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அரை மணி நேர வேலை குறைந்ததால், இடைவேளையே எடுக்காமல் உழைத்தவர்களைவிட அவர்களுக்குக் கிடைத்த மொத்த வருமானம் சற்றுக் குறைந்தது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. இரவில் பலமுறை விழித்து விழித்துத் தூங்குபவருக்கு மேலும் 27 நிமிடம் அதே தரத்தில் கிடைப்பதும், பகலில் அமைதியான இடத்தில் ஒரு குட்டித் தூக்கம் கிடைப்பதும் வேறு வேறு என்பது இப்போது நமக்குத் தெளிவாகப் புரிகிறது. இப்போது.

வியப்பைத் தேடிப் போனதன் விலை

தெரிந்ததைச் சொன்னால் மதிப்பில்லை என்ற எண்ணம் தேநீர்க் கடையோடு நிற்கவில்லை. ஆய்விதழ்களையும் அது ஆட்டிப்படைத்தது. கேட்டவுடன் புருவம் உயரும் முடிவுகளுக்கே இடமும் புகழும் கிடைத்தன. பற்களுக்கு நடுவே பேனாவைக் கவ்வி முகத்தைச் சிரிப்புக்குரிய நிலையில் வைத்தால் கேலிச்சித்திரம் கூடுதலாகச் சிரிப்பூட்டும் என்ற 1988ஆம் ஆண்டு ஆய்வு பாடநூல்களில் ஏறியது. 2016இல் 17 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து மறுசோதனை செய்தபோது அந்த விளைவு தென்படவில்லை. கைகளை விரித்து வீறாப்பாக இரண்டு நிமிடம் நின்றால் உடலின் ஹார்மோன் அளவே மாறும் என்ற 2010ஆம் ஆண்டு முடிவும் 2015இல் 200 பேரைக் கொண்ட மறுசோதனையில் நிலைக்கவில்லை.

2015இல் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் கூடி, உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மீண்டும் நடத்தினார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் தெளிவான விளைவைக் காட்டியிருந்தன. மறுசோதனையில் 36 விழுக்காடே அப்படிக் காட்டின. அவற்றுள்ளும் மூல முடிவு எவ்வளவு வியப்பூட்டுவதோ அவ்வளவுக்கு அது நிலைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. என் கருத்தில் இந்த ஒரு செய்தியே 'தெரிந்ததைச் சொல்லும்' ஆய்வுகளின் பக்கம் நிற்கப் போதுமான காரணம். சுவரின் அடிக்கல்லை யாரும் வியந்து பார்ப்பதில்லை. அது அசையாமல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வேலையை எவரேனும் செய்தாக வேண்டும்.

அப்படியானால் பொதுஅறிவுக்கு மதிப்பே இல்லையா? உண்டு, அதையும் அளந்திருக்கிறார்கள். உளவியலில் முனைவர் பட்டம் பெறாத 233 பேரிடம் 27 ஆய்வுகளின் சுருக்கத்தை எளிய நடையில் கொடுத்து, மறுசோதனையில் எவை நிலைத்திருக்கும் என்று ஊகிக்கச் சொன்னபோது அவர்களுடைய ஊகங்களில் 59 விழுக்காடு சரியாக இருந்தன என்கிறது 2020இல் வெளியான ஆய்வு. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட அது மேல். நம்பிக் காரியத்தில் இறங்குவதற்குப் போதாது.

வீட்டுக்குள் வரும் விளைவு

இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் மதுரையின் எந்தத் தெருவிலும் விடியற்காலையில் ஒரு பிள்ளை ஒரே பாடத்தை மூன்றாம் முறை, நான்காம் முறை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்கலாம். திரும்பத் திரும்பப் படித்தால் மனத்தில் பதியும் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் ஒருசேர நம்புவது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகியோர் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைப் படித்தபின், சில மாணவர்கள் அதையே மறுபடி படித்தார்கள். சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மறுபடி படித்தவர்கள் 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள், மூடிவைத்து எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலை தலைகீழானது: மறுபடி படித்தவர்களிடம் 42 மிஞ்சியது, மூடிவைத்து எழுதியவர்களிடம் 56.

பொதுஅறிவு இங்கே ஏன் தவறுகிறது என்பதும் இந்த எண்களிலேயே இருக்கிறது. படித்து முடித்த ஐந்தாவது நிமிடத்தில் பார்த்தால் நம்பிக்கை சரியாகவே படுகிறது. பிள்ளை சரளமாக ஒப்பிக்கிறது, அம்மாவுக்கும் மனம் நிறைகிறது. தேர்வு நடப்பதோ வாரங்கள் கழித்து. தவறு வெளிப்படும்போது அதைப் படித்த முறையோடு இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. பிள்ளைக்குக் கவனம் போதாது என்ற திட்டுத்தான் மிஞ்சுகிறது.

கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. பிராட் புஷ்மன் 600 கல்லூரி மாணவர்களைக் கொண்டு 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்தபடி குத்துமூட்டையைக் குத்தியவர்களே, ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களைவிடக் கூடுதல் கோபத்தோடு இருந்தார்கள்.

அடுத்த செய்தியைப் படிக்கும்போது

"ஆய்வில் தகவல்" என்று தொடங்கும் செய்தி கண்ணில் பட்டால், தெரிந்ததா, புதியதா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு வேறு சிலவற்றைக் கேட்பது பயன் தரும்.

1. இதற்கு நேர் எதிரான முடிவு வந்திருந்தால், அதற்கும் ஒரு பழமொழி கைவசம் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றால், ஆய்வு ஒரு வழக்கைத் தீர்த்திருக்கிறது என்று பொருள்.

2. யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? ஒப்பீடே இல்லாத செய்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

3. எத்தனை பேர், எந்த ஊர், மறுசோதனை உண்டா?

4. விளைவு எவ்வளவு பெரியது, எவ்வளவு காலம் நிற்கிறது? ஐந்து நிமிடத்துக்கும் ஒரு வாரத்துக்கும் விடை மாறிய கதையை மேலே பார்த்தோம்.

5. முடிவு வருவதற்கு முன் யாராவது ஊகத்தை எழுதி வைத்தார்களா? சென்னைத் தூக்க ஆய்வின் வலிமை பெருமளவுக்கு இதில்தான் இருக்கிறது. வல்லுநர்களின் ஊகம் எழுத்தில் இருந்ததால், "இது எங்களுக்கு முன்பே தெரியும்" என்று பிறகு சொல்ல வழியில்லாமல் போனது. ஆய்வு தொடங்கும் முன்பே ஊகங்களைச் சேகரிப்பதை வழக்கமாக்க வேண்டும் என்று ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, டெவின் போப், ஈவா விவால்ட் ஆகிய மூவரும் 2019இல் முன்மொழிந்தார்கள். அதற்கான பொதுத் தளம் ஒன்று 2020இல் தொடங்கப்பட்டது. ஆய்வாளர் தம் ஆய்வின் விவரத்தை அங்கே பதிவிடுவார். யார் வேண்டுமானாலும் முடிவை ஊகித்து எண்ணாக எழுதலாம். முடிவு வந்தபின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பூச்சந்தையில் முந்தைய மாலையே ஒரு துண்டுச் சீட்டில் நாளைய விலையை எழுதி, மடித்து, கல்லாப்பெட்டியில் போட்டுவைப்பதற்குச் சமமான ஏற்பாடு அது.